உருளைக்கிழங்குச் சாக்கில் ஒரு கோலம்

எங்கள் வீட்டுக் கொல்லை வாசலில் எப்போதும் ஒரு சாக்கு கிடக்கும். நைந்துபோனால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று விரிப்போம். 2003-ல் ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்தபோது எங்கள் தெருவில் பாதி மனைகள் காலி. மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. வீட்டுக்குள் வரும் எல்லாக் கால்களையும் அந்தச் சாக்குதான் முதலில் வாங்கிக்கொள்ளும். இருபது வருஷத்துக்கு மேல் அதை மிதித்திருக்கிறேன். அதுவும் நெய்த துணிதான், இழையை எண்ணலாம், இழைக்கு நடுவில் கண் இருக்கிறது என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவர் கனடாவில் ஒரு பாட்டி.

மகள் ஹாலிஃபாக்ஸில் இருக்கிறாள். அவளோடு இரண்டு மாதம் தங்கியிருந்தபோது ஒரு சனிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். காய்கறி, தேன், ரொட்டி என்று வரிசையாகக் கடைகள். கடைசியில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் மரச்சட்டம், அதில் இறுக்கிக் கட்டிய சாக்குத்துணி, வலது கையில் மரப்பிடி போட்ட சின்னக் கொக்கி. இடது கை துணிக்கு அடியில் ஒரு கம்பளிப் பட்டையைப் பிடித்திருந்தது. கொக்கி மேலிருந்து சாக்கின் கண்ணுக்குள் இறங்கும், அடியில் இருக்கும் பட்டையைக் கவ்விக்கொண்டு மேலே வரும். வந்த இடத்தில் கால் அங்குல உயரத்துக்கு ஒரு கண்ணி நிற்கும். பக்கத்திலேயே அடுத்தது, அதன் பக்கத்தில் இன்னொன்று. முடிச்சு கிடையாது, தையல் கிடையாது, பசையும் கிடையாது. கண்ணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்பதால்தான் அந்த விரிப்பே நிற்கிறது.

நான் அரைமணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். "அம்மா, இது நம்ம ஊர் ஆரி மாதிரியே இருக்குல்ல?" என்றாள் மகள். எனக்கும் அதேதான் தோன்றியது.

தமிழில் இந்த வேலைக்குப் பெயர் இல்லை. நான் கொக்கிப் பாய் என்று சொல்ல ஆரம்பித்தேன், வீட்டில் எல்லோரும் இப்போது அப்படியே சொல்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க அந்தக் கொல்லை வாசல் சாக்கின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் கனடாவின் அட்லாண்டிக் மாகாணங்களிலும் இந்தக் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வீட்டுக்கு வீடு பரவியது. பரவியதற்குப் பெரிய காரணம் சணல் சாக்கு. அதற்கு முன் அவர்களிடம் இருந்த லினன் துணி நெருக்கமான நெசவு, அதில் கொக்கியை இறக்குவது பாடு. சணல் சாக்கு தளர்வான நெசவு, விலையும் இல்லை. தானியமோ தீவனமோ வந்த சாக்கைப் பிரித்துத் துவைத்தால் அதுவே அடித்துணி. ஓர் ஆணியை வளைத்து, அரத்தால் ராவி, மரக்கட்டையில் செருகினால் கொக்கி. பழைய கோட்டும் போர்வையும் கிழித்தால் பட்டை. செலவே இல்லாமல் குளிர்ந்த தரைக்கு ஒரு விரிப்பு.

அந்தச் சணல் எங்கிருந்து போனது? வங்காளத்திலிருந்து. 1830-களில் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர ஆலைகள் வங்காளச் சணலை இயந்திரத்தில் நூற்கப் பழகின. 1855-ல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் இந்தியாவின் முதல் சணல் ஆலை வந்தது. அதன் பிறகு உலகம் முழுக்கத் தானியமும் சர்க்கரையும் காப்பிக்கொட்டையும் நம் சாக்கில்தான் பயணம் செய்தன. நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள் பனிக்காலத்தில் உட்கார்ந்து கண்ணி இழுத்தது வங்காளத்து விவசாயி இடுப்பளவு தண்ணீரில் நின்று உரித்த நாரின் மேல்தான். ஹாலிஃபாக்ஸ் பாட்டியின் மடியில் நான் பார்த்ததும் நம் ஊர்ச் சரக்கு. அதைப் பார்க்க நான் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

இதில் இன்னொருவரைச் சொல்லாமல் விட மனசில்லை. மெய்ன் மாநிலத்தில் பிடஃபோர்டு என்ற ஊரில் எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட் என்று ஒருவர். தகரப் பாத்திர வியாபாரி. அந்தக் காலத்தில் அந்தப் பக்கத்துப் பாத்திர வியாபாரிகள் வீடு வீடாகப் போய்ப் பழந்துணியை வாங்கிக்கொண்டு அதற்குப் பாத்திரம் கொடுப்பார்கள். அப்படிப் போன வீடுகளில் பெண்கள் இந்த விரிப்பைப் போடுவதையும், நல்ல படம் கிடைக்காமல் தவிப்பதையும் பார்த்திருக்கிறார். உலோகத் தகட்டில் பூ, சிங்கம், நாய் எல்லாம் வெட்டி அச்சாக்கி, சாக்குத்துணியில் பதித்து விற்க ஆரம்பித்தார். 1860-களின் கடைசியில் நடந்தது இது. அவருடைய படங்களை இன்றைக்கும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பழைய துணிக்குப் பாத்திரம்! இந்த வரியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் தெருவுக்கும் ஓர் அம்மா வருவார். தலையில் கூடை, கூடையில் எவர்சில்வர் டம்ளரும் தூக்கும் அடுக்கும். "பழைய துணிக்குப் பாத்திரம்... பட்டுச் சேலைக்குப் பாத்திரம்..." என்று மாடம்பாக்கம் சாலைத் திருப்பத்திலேயே குரல் கேட்டுவிடும். திண்ணையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேரம் நடக்கும். நான்கு சேலைக்கு ஒரு வடிகட்டி தருவேன் என்பார் அவர். மூடி போட்ட டப்பா வேண்டும் என்பார் என் மாமியார். எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து போன நூல் சேலைகளை இன்றைக்கு நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்த அம்மாவைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

இனி கைக்கு வந்த கதை.

முதலில் கொக்கி. இணையத்தில் தேடி ஒன்றை வரவழைத்தேன். வந்தது கதவு மாதிரி மூடித் திறக்கும் நாக்கு வைத்த கொக்கி. வெட்டிய நூல்துண்டுகளை ஒவ்வொன்றாக முடிச்சுப் போடுவதற்கான கருவி அது, வேலையே வேறு. இன்னொன்றும் உண்டு. உள்ளே நூல் கோத்த குழாய் ஊசி, துணியின் பின்பக்கத்திலிருந்து குத்திக்கொண்டே போக வேண்டும். மூன்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான் என்பதால் சொல்கிறேன்: நாக்கு இருக்கக் கூடாது, உள்ளே ஓட்டை இருக்கக் கூடாது. குரோஷே ஊசியின் முனை மாதிரி ஒரு வெறும் கொக்கி, உள்ளங்கைக்கு அடங்குகிற பிடி, அவ்வளவுதான். அலுமினியக் குரோஷே ஊசியில் முயன்றேன், இரண்டாம் நாளே வளைந்தது. கடைசியில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு லேத் பட்டறையில் பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒன்றைக் கொடுத்தேன். முனையைக் கூராக்கி, ஒரு பக்கம் பள்ளம் ராவி, துணியைக் கிழிக்காதபடி வழவழப்பாகத் தேய்த்துக் கொடுத்தார் அந்தத் தம்பி. எண்பது ரூபாய். இன்று வரை அதில்தான் வேலை செய்கிறேன். பிடி கனமாக இருப்பதால் விரல் வலிப்பதில்லை.

அடுத்தது சாக்கு. இது இவ்வளவு சிரமமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எங்கள் மளிகைக்கடை அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

"சாக்கா? இப்ப எங்கக்கா வருது, எல்லாம் பிளாஸ்டிக்லா" என்றார்.

கடைக்கு உள்ளே பார்த்தால் அரிசி எல்லாம் பளபளவென்ற பிளாஸ்டிக் பின்னல் பையில். அதுவும் 26 கிலோ மூட்டை. 2022 ஜூலையில் 25 கிலோ வரை பையில் அடைத்து விற்கும் அரிசிக்கு வரி வந்தபோது, ஒரு கிலோ கூட்டிக் கட்டினால் வரி இல்லை என்று வந்த கணக்கு அது. இந்தப் பிளாஸ்டிக் பையில் கண்ணே கிடையாது. கொக்கியை இறக்கினால் நாடா பிரிந்து வருகிறது.

ரேஷன் அரிசி மட்டும் இன்னும் 50 கிலோ சணல் சாக்கில்தான் வருகிறது. 1987-ல் போட்ட ஒரு மத்தியச் சட்டம், சில சரக்குகளைச் சணலில்தான் அடைக்க வேண்டும் என்கிறது. ஆனால் காலிச் சாக்குக்கும் கடைக்காரர் கணக்குக் காட்ட வேண்டும், நாம் கேட்பது நியாயமில்லை. தெரிந்த வீட்டில் பழையது ஒன்று கிடைத்தது. எடுத்து வந்து பார்த்தால் நெசவு மிக நெருக்கம், கொக்கி இறங்கியது, ஏறவில்லை. தானியம் சிந்தாமலிருக்க நெய்தது அப்படித்தானே இருக்கும். வெங்காயச் சாக்கைப் பார்த்தேன். அது காற்று போய்வர நெய்தது, கண்கள் பெரிசு, கண்ணி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல் பக்கம் ஒரு காய்கறிக் கடையில் உருளைக்கிழங்குச் சாக்கைத் தொட்டதும் விரலே சொல்லிவிட்டது. இரண்டுக்கும் நடுவில், சரியாக. இருபத்தைந்து ரூபாய்க்குக் கொடுத்தார்.

பிற்பாடு இதைவிட நல்ல வழி ஒன்று கண்ணெதிரே இருந்தது தெரிந்தது. எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் அடுக்குமாடி எழும்புகிறது. கான்கிரீட் தூண்களைச் சாக்குத்துணி சுற்றி நனைத்து வைத்திருப்பார்களே, அது ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் சுருளாகக் கிடைக்கிறது. புத்தம் புதுசு, கிழிசல் இல்லை, மண் இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நேராக அங்கே போய்விடுங்கள்.

சாக்கைத் தையல் பிரித்து, இரண்டு முறை அலசி, மொட்டைமாடியில் காயப் போட்டேன். லேசாக மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. சணல் நார் முரடு, நூற்பதற்கு முன் ஆலையில் அதை எண்ணெய் தெளித்து இளக்குவார்கள், அந்த வாசனைதான். இரண்டு வெயிலில் போய்விட்டது.

துணிக்கு வந்தேன். அங்கே கம்பளி. இங்கே கம்பளிக்கு எங்கே போவது, போட்டாலும் நம் புழுக்கத்தில் யார் அதன் மேல் கால் வைப்பது? என்னிடம் இருந்தவை நைந்த எட்டு முழ வேட்டி ஒன்று, செங்கல் நிறத்தில் என் சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்று, மகன் விட்டுப்போன டி-ஷர்ட்டுகள். எல்லாவற்றிலும் முயன்றேன். பாலியெஸ்டர் கலந்த சேலை ஆகவே ஆகாது, வழுக்குகிறது. டி-ஷர்ட் துணி மிகச் சுலபம், பட்டையாக வெட்டி இழுத்தால் தானே உள்பக்கமாகச் சுருண்டு குழல் மாதிரி ஆகிவிடும், ஓரம் பிரியாது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் நூறு ரூபாய்க்கு மூன்று என்று விற்கும் கால்மிதிகள் திருப்பூர் பனியன் கழிவில் செய்தவைதான், அந்தத் துணியின் குணம் அது. ஆனால் எனக்குப் பிடித்தது வேட்டியும் சுங்குடியும். ஓரத்தில் சின்னதாக வெட்டிவிட்டு இழுத்தால் இழை பிடித்து நேராகக் கிழியும். கம்பளிக்குக் கால் அங்குலப் பட்டை போதும் என்கிறார்கள். மெல்லிய நூல் துணிக்கு முக்கால் அங்குலம் வேண்டியிருக்கிறது. கண்ணுக்குள் நுழையும்போது அது மடிந்து சுருங்கித் தடிமனாகிறது. விரிப்பின் பரப்பைப் போல நான்கிலிருந்து ஆறு மடங்கு கம்பளி ஆகும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு ஏறக்குறைய பத்து மடங்கு துணி ஆனது.

சட்டம் இரவல். அடுத்த தெருவில் ஒரு பெண் மாடியில் ஆரி வகுப்பு நடத்துகிறாள். கல்யாண பிளவுஸ் வேலைக்கு வைகாசி, ஆவணியில் அவளுக்குத் தூக்கமே இருக்காது. பழைய ஸ்டாண்ட் ஒன்றைக் கொடுத்தாள். என் சாக்கைப் பார்த்ததும் முதலில் நம்பவில்லை.

"இதுல எப்படி ஆன்ட்டி வேலை பண்ணுவீங்க?"

"நீ பட்டுல பண்றதைத்தாம்மா நான் இதுல பண்ணப் போறேன்."

இரண்டு வரிசை இழுத்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் கொக்கியை வாங்கி, ஐந்தே நிமிஷத்தில் என்னைவிட நன்றாக இழுத்தாள். பிறகு எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தாள். "துணி லூசா இருக்கு ஆன்ட்டி. தட்டினா மேளம் மாதிரி சத்தம் வரணும்." ஐரோப்பாவில் இந்த ஆரி வேலைக்கு டாம்பூர் என்றே பெயர், பிரெஞ்சில் அதற்கு மேளம் என்று அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிலிருந்து போய் அங்கே பெரிய மோகமாக இருந்த வேலை. இவள் அதையெல்லாம் கேள்விப்பட்டதில்லை, கை சொன்னதை வாய் சொன்னது.

ஆரி ஊசியின் மூலம் குஜராத்தின் கட்ச் பகுதிச் செருப்புத் தைக்கும் மோச்சி சமூகத்தாரின் குத்தூசி. தோலில் ஓட்டை போட்டு நூலை இழுத்த கருவியை மெலிதாக்கித் துணிக்குக் கொண்டுவந்தார்கள். துணி சட்டத்தில், நூல் அடியில், இடது கை ஊட்ட வலது கை இழுக்கும். கொக்கிப் பாயும் அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. ஆரியில் ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி நுழைந்து சங்கிலியாகிறது. கொக்கிப் பாயில் ஒவ்வொரு கண்ணியும் தனியாக நிற்கிறது. அதனால் ஆரி படம் வரைகிறது, இது தரையை நிரப்புகிறது.

கொக்கியைத் திருப்பும் வித்தையையும் அவளிடம்தான் கற்றேன். இறங்கும்போது பள்ளம் ஒரு பக்கம், ஏறும்போது லேசாகத் திருப்பி, கொக்கியின் முதுகால் சாக்கின் இழையைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் பட்டையோடு சணல் இழையும் மாட்டிக்கொண்டு கிழியும். ஒரு வாரம் நான் கிழித்துக்கொண்டிருந்தது இது தெரியாமல்தான்.

இன்னும் இரண்டு தவறுகள் செய்தேன், இரண்டும் எல்லோரும் செய்வது. இருக்கிற எல்லாக் கண்களிலும் கண்ணி இழுத்தேன். பத்து வரிசை முடித்துச் சட்டத்திலிருந்து அவிழ்த்ததும் துணி பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் மேடு தட்டியது. ஒன்றிரண்டு கண் விட்டு இழுக்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் சாக்கு தெரியாத அளவு நெருக்கம் போதும். லாப்ரடார் கரையில் மருத்துவர் வில்ஃப்ரெட் கிரென்ஃபெல் 1892-ல் தொடங்கிய மருத்துவப் பணியோடு சேர்ந்து ஒரு கைத்தொழில் கூடமும் வளர்ந்தது. அங்கே பெண்கள் ஒரு கண்கூட விடாமல் நேர்கோடாக நிரப்பி விரிப்புகள் செய்தார்கள். 1920-களில் கிழிந்த பட்டுக் காலுறைகளை ஊர் ஊராகக் கேட்டு வாங்கி, சாயம் ஏற்றி, மெல்லிய பட்டையாக வெட்டிப் போட்டார்கள். காலுறை அவ்வளவு மெல்லிசு, அதற்கு அது சரி. என் வேட்டிப் பட்டைக்கு அது ஆகாது.

இரண்டாவது, அடுத்த கண்ணியை இழுக்கும்போது முந்தையது உள்ளே போய்விடும். வேண்டியதைவிடச் சற்று உயரமாக இழுத்து, கொக்கியைப் பின்னால் சாய்த்து விட்டால் உபரி திரும்பிப் போய் இரண்டும் சமமாகும். கைக்கு இது வருவதற்கு எனக்கு மூன்று வாரம் ஆனது.

தவறினால் பரவாயில்லை என்பது இந்த வேலையின் பெரிய கருணை. நுனியைப் பிடித்து இழுத்தால் வரிசை முழுக்க அவிழ்ந்து வரும், சாக்கில் ஒரு தடமும் இருக்காது, நகத்தால் நீவிவிட்டால் கண் மூடிக்கொள்ளும். முதல் மாதம் நான் போட்டதில் முக்கால்வாசியை அவிழ்த்திருக்கிறேன்.

என்ன படம் போடுவது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கோலம். சாக்கிலேயே கட்டம் இருக்கிறது, புள்ளி வைக்க அளவுகோல் வேண்டாம், இழை எண்ணினால் போதும். நடுவில் ஐந்து, மேலும் கீழும் மூன்று, ஒன்று. பதின்மூன்று புள்ளி, சுற்றி வளையும் சிக்குக் கோலம். கோடு வெள்ளை வேட்டி, தரை செங்கல் நிறச் சுங்குடி, காவி இட்டது போல.

ஆனால் முதல் வளைவு முடிந்து இரண்டாவது கோடு அதைக் கடக்கும் இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். மாவில் போடும்போது கோட்டின் மேல் கோடு போகும், கை நிற்பதில்லை. சாக்கில் ஒரே கண்ணில் இரண்டு கண்ணி நின்றால் முண்டும் முடிச்சுமாகத் தெரிகிறது. அடியில் பட்டையைத் தாண்டவிட்டு அந்தப் பக்கம் எடுக்கலாம் என்றால், பின்பக்கம் பட்டை குறுக்கே ஓடக் கூடாது என்பது இதில் கண்டிப்பான விதி. உரசி உரசி அங்கேதான் முதலில் அறுபடும். ஆகவே ஒரு கோடு போகும், மற்றது அதன் பக்கத்தில் வந்து நுனியை மேலே விட்டு முடியும், அந்தப் பக்கம் புதிதாகத் தொடங்கும். பதின்மூன்று புள்ளிக் கோலத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் பதினாறு சந்திப்புகள். பதினாறு இடத்திலும் எது போகும், எது நிற்கும் என்று முன்பே தீர்மானிக்க வேண்டும். ஒரு தடவை மேலே போன கோடு அடுத்த தடவை கீழே போனால் பாய் பின்னியது போல வருகிறது. இதைத் தாளில் வரைந்து சரிபார்க்கவே நான்கு நாள் ஆனது. நாற்பது வருஷமாகப் போடும் கோலத்தின் வழி எனக்குப் புரிந்தது அந்த நான்கு நாளில்தான்.

ஐந்து மாதம், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு அங்குலம். சுங்குடியில் பாதிக்கு மேல் போயிற்று. ஓரத்தை இரண்டு அங்குலம் விட்டு மடித்து, பருத்தி நாடா வைத்துத் தைத்தேன். ஈரத் துண்டை மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை ஒற்றி ஒற்றி எடுத்ததும் கண்ணிகள் படிந்து கோலம் தெளிவாக எழுந்தது.

என் மாமியாருக்கு எண்பத்து மூன்று வயது, தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமம். இன்றைக்கும் காலையில் குனிந்து கோலம் போடுவது அவர்தான். விரிப்பைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரலால் கோட்டைப் பிடித்தபடி போனார். ஒரு சுற்று முழுக்க.

"எங்கெ வெட்டுனே? தெரியலையே" என்றார்.

இடம் காட்டினேன். திரும்பத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அழியாத கோலமா இருக்கே ஏத்தா. நாளைக்கு விடிஞ்சா என்ன போடுவே?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. மாவு எறும்புக்குப் போகும், காற்றுக்குப் போகும், மறுநாள் காலை வாசல் காலியாக இருக்கும், அதனால்தான் அது கோலம். அவர் சொல்வது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். அடுத்த விரிப்பில் கோலம் போடப் போவதில்லை.

வேறொரு குறையும் தெரிந்தது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஒருநாள் யாரோ நனைந்த காலோடு அதில் ஏறிவிட்டார்கள். வேட்டித் துணி தண்ணீரை அப்படியே குடித்துவிட்டது, காய ஒன்றரை நாள். அடியில் சாக்கு முக்கல் வாசனை அடிக்க ஆரம்பித்தது. கம்பளி ஈரத்தைத் தாங்கும், அழுக்கைத் தள்ளும், மிதித்தாலும் நிமிரும். பருத்தி அப்படி இல்லை, படிந்துவிடும். சணலும் ஈரத்திலும் வெயிலிலும் நாளாக நாளாக நொறுங்கும். அதனால் நம் ஊரில் இதை வாசலில் போடாதீர்கள். கட்டில் பக்கம், பூஜை அறை, ஊஞ்சல் பலகை, ஈரம் வராத இடம் எதுவானாலும் சரி. எடுத்து வைக்கும்போது மடிக்கக் கூடாது, கண்ணிகள் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்ட வேண்டும்.

கொல்லை வாசலில் பழையபடி வெறும் சாக்குதான் கிடக்கிறது. அந்த வேலைக்கு அதுதான் சரி.

இதே கலையைக் கேப் பிரெட்டன் தீவில் ஷெட்டிகாம்ப் என்ற பிரெஞ்சு மொழிக் கிராமத்துப் பெண்கள் எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள். அந்த ஊர் எலிசபெத் லெஃபோர்ட் கம்பளி நூலில் இழுத்த உருவப்படங்கள் வெள்ளை மாளிகை வரை போயின. முகத்தின் நிழலுக்கு மட்டும் எத்தனை சாயலில் நூல்! படத்தில் பார்த்துவிட்டு அன்று முழுக்க நான் கொக்கியைத் தொடவில்லை. மறுநாள் தொட்டேன்.

ஆரி வகுப்புப் பெண் இப்போது ஞாயிறு மாலைகளில் வருகிறாள். பட்டில் கண் வலிக்கும் வேலைக்கு நடுவில் இது கைக்கு ஓய்வாக இருக்கிறதாம். பிளவுஸ் ஓரத்தில் வெட்டி விழும் துணிகளையெல்லாம் ஒரு பையில் சேர்த்துக் கொண்டு வருகிறாள். நீலம், பச்சை, அரக்கு, மாம்பழ நிறம். அவற்றைக் கலந்து வரி வரியாக, பவானி ஜமக்காளத்தில் பட்டை ஓடுவதைப் போல ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். என்னைவிட வேகம்.

போன வெள்ளிக்கிழமை நான் ஹார்டுவேர் கடையிலிருந்து வாங்கி வந்த சாக்குத்துணியை மாடியில் விரித்துக்கொண்டிருந்தேன். மாமியார் படியேறி வந்தார். இடுப்பில் ஒரு துணி மூட்டை.

"உக்காந்து எந்திரிக்கத் தரை கல்லு மாதிரி இருக்கு. மணை அளவுக்கு ஒண்ணு போட்டுக் குடு."

மூட்டைக்குள் கண்டாங்கிச் சேலை. கடுகு மஞ்சளில் கறுப்புக் கட்டம், அரக்குக் கரை. நடுவில் மட்டும் நைந்திருந்தது. பாத்திரக்கார அம்மா கேட்டும் கொடுக்காமல் வைத்திருந்தாராம்.

"இதையா அத்தை கிழிக்கச் சொல்றீங்க?"

"நீ அந்த நுனியைப் பிடி" என்றார். ஓரத்தில் நான் கத்தரியால் சின்னதாக வெட்டிவிட்டேன். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கெட்டி நூல், முதலில் அசையவில்லை. இரண்டாம் இழுப்பில் விட்டுக்கொடுத்தது. கறுப்புக் கட்டத்தின் ஓரமாகவே, கோணாமல், மாடியின் அந்தக் கோடி வரைக்கும் கிழிந்துகொண்டு போனது.